திரையில் நாலு

3 நவம்பர், திங்கள்

சர்வர் போய்விட்டது. இன்று விடியற்காலை இடி இறங்கியதில் உள்ளே இருந்த டிஸ்க் இரண்டும் கருகிவிட்டன. காலையில் அறையைத் திறந்ததுமே எரிந்த பிளாஸ்டிக் வாடை.

டேட்டாபேஸ் கம்பெனியின் உதவி எண்ணில் பேசியவர், இனி செய்கிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், வேறு யார் படித்தாலும் புரிய வேண்டும் என்றார். என் மகள் ஜாய்ஸின் போன வருடத்து நோட்டில் பாதி காலியாக இருந்தது. அதில் எழுதுகிறேன்.

வேறு யாருக்கும் புரிய: நான் பிரிசில்லா. தூத்துக்குடிக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையில் இருக்கும் இறால் ஏற்றுமதித் தொழிற்சாலையில் ஆறு வருடமாகக் கம்ப்யூட்டர் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். இறால் உரிக்கும் கூடத்தில் ஒரு ஷிப்டுக்கு நூற்று முப்பது பெண்கள். கூடத்தின் பின்சுவரை ஒட்டிக் குளிர் அறைகள். அவற்றுக்குப் பின்னால் கம்ப்ரஸர் அறை. குளிரூட்டுவதற்குக் குழாய்களில் ஓடுவது அம்மோனியா, கசிந்தால் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும் நச்சுக் காஸ். குளிர் அறைகளின் வெப்பநிலையையும், காற்றில் அம்மோனியா எவ்வளவு என்பதையும் சென்சார் பெட்டிகள் அளந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரில் இருக்கும் டேட்டாபேஸுக்கு அனுப்பும். சுவரில் மாட்டியிருக்கும் மூன்று திரைகள் அதைக் காட்டும். அம்மோனியா பத்துக்குள் இருந்தால் பயமில்லை. இருபத்தைந்தைத் தாண்டினால் சைரன். பத்து நிமிடம் ஏதாவது ஓர் அளவு வராமல் போனாலும் கீச் கீச்சென்று ஓர் ஒலி.

டிஸ்க் மதியம் வந்தது. நாளை மாட்ட வேண்டும்.

4 நவம்பர், செவ்வாய்

அவசரத்தில் அலமாரியில் இருந்த டேட்டாபேஸின் பழைய பதிப்பை ஏற்றிவிட்டேன். பாதியில்தான் கவனித்தேன். அதை நீக்கிவிட்டுப் புதிய பதிப்பை ஏற்றினேன். ஞாயிறு நள்ளிரவு தானாக எடுத்து வைத்த நகலைத் திரும்பப் போட்டேன். ஒரு எழுத்து குறையாமல் வந்தது. சர்வரின் முன்னால் உட்கார்ந்து கேட்டால் எல்லாம் கொடுக்கிறது.

இரண்டரை மணிக்குத் திரைகள் உயிர் பெற்றன. மேலாளர் தாமோதரன் சார் எட்டிப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போனார். பத்து நிமிடத்தில் கீச் கீச். சென்சார் பெட்டிகளால் உள்ளே வர முடியவில்லை.

உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். ஜாய்ஸுக்கு மழைக் கோட்டு சின்னதாகிவிட்டது.

5 நவம்பர், புதன்

கேபிளை மாற்றினேன். குரல் கொடுத்துப் பார்ப்பது மாதிரி மற்ற மெஷின்களிலிருந்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வருகிறது. சர்வரின் பாதுகாப்புச் சுவரில், அதாவது ஃபயர்வாலில், வழி திறந்துவிட்டேன். ஆனாலும் டேட்டாபேஸ் மட்டும் வெளியிலிருந்து வருகிற யாரையும் ஏற்கவில்லை. வீட்டுக்குள் ஆள் இருக்கிறது. விளக்கு எரிகிறது. கதவு மட்டும் இல்லை.

உதவி எண்ணில் இருந்தவர், நெட்வொர்க் அமைப்புகள் என்ற பக்கத்தைத் திறந்து வெளி இணைப்பை ஏற்கும் விசையைப் போடுங்கள் என்றார். திறந்தேன். பக்கம் வெறுமையாக இருந்தது. விசை அணைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, விசையே இல்லை. "காட்டுவதற்கு எதுவும் இல்லை" என்று ஒரு வரி. அவரும் அங்கிருந்தே என் மெஷினைத் தன் திரையில் திறந்து அதைப் பார்த்தார். விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஒலி நாள் முழுக்க. கூடத்தில் வேலை செய்கிற பெண்கள் காதுக்குள் பஞ்சு வைத்துக்கொண்டிருப்பதாகக் கனியக்கா பஸ்ஸில் சொன்னாள். சண்முகக்கனி, கூடத்தின் மேற்பார்வையாளர். ஆறு வருடமாக ஒரே கம்பெனி பஸ், ஒரே சீட்.

6 நவம்பர், வியாழன்

தாமோதரன் சார் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். இறாலை வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியின் தணிக்கைக் குழு பதினான்காம் தேதி வருகிறது. குளிர் அறைகளின் வெப்பநிலைப் பதிவில் ஒரு மணி நேரம் விட்டுப் போயிருந்தாலும் சரக்கைத் திருப்பிவிடுவார்கள். நான்கு நாள் வெறுமையாக இருக்கிறது. குளிர் அறை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, கதவில் தொங்கும் வெப்பமானி சரியாகத்தான் காட்டுகிறது, எழுதி வைக்கத்தான் மெஷின் இல்லை, அதனால் எழுத வேண்டியதை எழுதி வைப்பதில் பொய் ஒன்றும் இல்லை என்றார். கத்தவில்லை. அவர் எப்போதும் கத்துவதில்லை.

நான் யோசித்துப் பார்த்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. போன வாரத்து அளவுகளை அதே நேரத்துக்கு எடுத்துப் போடும்படி ஒரு சின்ன நிரல் எழுதினேன். பன்னிரண்டு வரி. மூன்றாம் தேதியிலிருந்து நிரப்பியாயிற்று. இணைப்பு சரியாகும் வரை அதுவே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டிருக்கும். வெப்பநிலைக்குத்தான். தற்காலிகம்தான்.

மூன்று மணிக்கு ஓடவிட்டேன். ஒலி நின்றது.

கூடத்திலிருந்து கைதட்டல் கேட்டது.

7 நவம்பர், வெள்ளி

பக்கம் இன்னும் வெறுமை. உதவி எண்ணில் வேறொருவர். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருந்தது.

பதினொரு மணிக்குக் கனியக்கா கூடத்திலிருந்து வந்தாள். கையுறையைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பின்சுவர் பக்கம் உட்காருகிற பெண்பிள்ளைகளுக்குக் கண் எரிகிறதாம். இறால் கழுவுகிற தண்ணீரில் குளோரினை யாரோ கூடுதலாகக் கலந்துவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாளாம். தண்ணீரை மாற்றிய பிறகும் எரிகிறதாம்.

"காஸ் எவ்வளவு காட்டுது பிள்ள?" என்று கேட்டாள்.

திரையைத் திரும்பிப் பார்த்தேன். நாலு. நாலு என்று சொன்னேன்.

"அப்பம் குளோரின்தான்," என்று போய்விட்டாள்.

என் கணவர் ராபினுக்கு இந்த வாரம் துறைமுகத்தில் காலை ஷிப்டு. வரும்போது மீன் வாங்கி வந்தார். எனக்கு வேண்டாம் என்றேன்.

8 நவம்பர், சனி

இசக்கிராஜ் அண்ணன் கம்ப்ரஸர் அறைக்குக் கூப்பிட்டார். இருபது வருடமாக அந்த மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறவர். இரண்டாவது பம்பின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து தரையில் வட்டமாக நின்றது. காஸ் வெளியே வராமல் அடைக்கிற சீல் தேய்ந்திருக்கிறது, ஒரு நாள் நிறுத்தினால் மாற்றிவிடலாம் என்றார். என்னிடம் ஏன் சொல்கிறார் என்று புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. தாமோதரன் சாரிடம் இரண்டு முறை கேட்டிருக்கிறார். அவர் திரையைக் காட்டி, நாலுதானே இருக்கிறது, எண்ணெய்தான் கசிகிறது, தணிக்கை முடியட்டும் என்றிருக்கிறார். பெட்டி சரியாகத்தான் அளக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்னால் மனசு ஆறும் என்றார்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. அது அளக்கிறது என்று சொன்னேன். அதில் பொய் இல்லை. அது அளக்கத்தான் செய்கிறது.

அந்த அறையில் இரண்டு நிமிடம் நின்றேன். மூக்கில் தண்ணீர் வந்தது. மழைக்காலத்தில் எனக்கு எப்போதும் சளி பிடிக்கும்.

9 நவம்பர், ஞாயிறு

கோயிலுக்குப் போனோம். ஜாய்ஸ் பாடினாள். துணி காயவில்லை.

10 நவம்பர், திங்கள்

நல்ல மழை. பள்ளிக்கூடம் விடுமுறை. தொழிற்சாலைக்கு மழை விடுமுறை இல்லை.

டேட்டாபேஸை முழுவதும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினேன். என் நிரலை மட்டும் ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டியிருந்தது. பத்தாவது நிமிடம் கீச் கீச் தொடங்கியது. தாமோதரன் சார் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. ஏற்றி முடித்ததும் முதல் வேலையாக நிரலை ஓடவிட்டேன். ஒலி நின்றது. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனார்.

நெட்வொர்க் அமைப்புகள் பக்கம் வெறுமை.

சென்சார் கம்பெனிக்காரரிடமும் பேசினேன். அனுப்ப முடியாத அளவுகளைப் பெட்டி தன்னிடமே வைத்துக்கொள்ளுமாம், இரண்டு வாரம் வரை தாங்குமாம், வழி கிடைத்ததும் மொத்தமாக அனுப்பிவிடுமாம். உண்மையான பதிவு எங்கும் போகாது, கவலைப்படாதீர்கள் என்றார். அவசரமென்றால் ஒரு லேப்டாப்பைப் பெட்டியிலேயே செருகிப் படித்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார்.

அப்படிச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. தோன்றியது. மழை விடட்டும் என்று இருந்துவிட்டேன். கம்ப்ரஸர் அறைக்குப் போகிற வழி முழுக்கக் கூரை போட்ட நடைபாதைதான்.

11 நவம்பர், செவ்வாய்

பின்வரிசையில் ஒரு பெண் மயங்கி விழுந்தாள். சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் தூக்குவாளியைத் திறந்து காட்டினார்களாம், பாதி சாப்பிட்டிருந்தாளாம். கனியக்கா பஸ்ஸில் இதைச் சொல்லிவிட்டு, பின்வரிசை மேசைகளை முன்னால் இழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னாள். தாமோதரன் சார் திட்டினாராம். திட்டட்டும் என்றாள்.

பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நாலுதான பிள்ள காட்டுது?" என்றாள்.

நான் தலையாட்டினேன். அவள் பார்க்கவில்லை என்று நினைத்து வாயாலும் சொன்னேன்.

12 நவம்பர், புதன்

இன்று காலை இரண்டாவது பம்பின் போல்ட்டை இறுக்க இசக்கிராஜ் அண்ணன் மெஷினுக்குப் பின்னால் இருக்கிற இடுக்குக்குள் போயிருக்கிறார். முகமூடி மாட்டிக்கொண்டு போனால் இடுக்குக்குள் திரும்ப முடியாது. திரையில் அளவைப் பார்த்துவிட்டு, முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாராம். இருபது நிமிடம் உள்ளே இருந்திருக்கிறார். மதியம் கேன்டீனில் பார்த்தேன். கண் இரண்டும் சிவந்து, வெந்நீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். தொண்டையில் ஏதோ அடைத்த குரலில், இறுக்கியாச்சு, வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்கும் என்றார்.

உதவி எண்ணில் முதல் நாள் பேசியவர் கிடைத்தார். நான் பழைய பதிப்பை ஏற்றி நீக்கியதைச் சொன்னேன். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டார். கேட்கவில்லையே என்றேன். பழையதை நீக்கும்போது, அந்த அமைப்புப் பக்கம் எதைப் பார்த்துத் தன்னை வரைந்துகொள்கிறதோ அந்த விவரக் கோப்பின் பதிவும் சேர்ந்து போயிருக்கும், எத்தனை முறை மறுபடி ஏற்றினாலும் அது வராது, கையால் பதிய வேண்டும் என்றார். ஒரே ஒரு வரிக் கட்டளை. அனுப்பி வைப்பதாகச் சொன்னார்.

எட்டு நாளும் அந்த ஒரு வரிதான்.

13 நவம்பர், வியாழன்

இதை மாலை ஆறு மணிக்கு எழுதுகிறேன்.

கட்டளை காலை பத்தரைக்கு வந்தது. அடித்தேன். பக்கத்தை மூடித் திறந்தேன். எல்லாம் இருந்தது. பெயர்கள், விசைகள், வழி எண்கள், எதுவும் எங்கும் போகாதது போல. வெளி இணைப்பை ஏற்கும் விசையைப் போட்டேன். டேட்டாபேஸை நிறுத்தி ஓடவிட்டேன். பத்து ஐம்பதுக்கு முதல் பெட்டி உள்ளே வந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

பெட்டி மூன்றாம் தேதியிலிருந்து அனுப்பத் தொடங்கியது. பழையது முதலில். வரிகள் மழை மாதிரி இறங்கின. நான் அம்மோனியா பத்தியை மட்டும் பார்த்தேன். மூன்றாம் தேதி நாலு. நாலாம் தேதி ஐந்து. ஆறாம் தேதி மதியம் ஒன்பது. ஏழாம் தேதி பதினொரு மணிக்கு, கனியக்கா வாசலில் நின்ற நேரத்துக்கு, பதினான்கு. எட்டாம் தேதி பத்தொன்பது. பத்தாம் தேதி இருபத்தாறு. அந்த இடத்தில் சைரன் அடித்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் தேதி காலை, கம்ப்ரஸர் அறையில், ஐம்பத்தொன்று.

சுவரில் திரை நாலு என்றது.

இன்னும் என் நிரல் ஓடிக்கொண்டிருந்தது. திரை கடைசி நேரத்து அளவைத்தான் எடுக்கும். கடைசி நேரத்து அளவை நான்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஆறாம் தேதி நான் வெப்பநிலைக்கு என்றுதான் எழுதியிருக்கிறேன். வெப்பநிலையும் அம்மோனியாவும் ஒரே அட்டவணையில் இருக்கின்றன. பிரித்துப் போட இன்னும் ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். வெப்பநிலையை மட்டும் போட்டிருந்தால் அந்த ஒலி நின்றிருக்காது. எனக்கு அது தெரியும். ஒலி நின்றபோதே தெரியும்.

நிரலை நிறுத்தவில்லை. அதற்குக்கூட நிற்கவில்லை. ஓடினேன். நடைபாதையில் தாமோதரன் சார் இரண்டு பேருடன் சுவருக்கு வெள்ளை அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்து என்ன என்றார். கூடத்தைக் காலி பண்ண வேண்டும் என்றேன். நாளைக்கு அவர்கள் வருகிறார்கள், இப்போது போய், என்று தொடங்கினார். நான் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். அவர் கை என் தோளில் பட்டது. பிடித்தாரா, தடுமாறினாரா, தெரியவில்லை.

கனியக்காவிடம், "எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றேன்.

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கத்தியைக் கீழே வையுங்க, எழும்புங்க, ஓடாதீங்க என்று மட்டும் சொன்னாள். நூற்று முப்பது பேரும் வெள்ளைத் தொப்பியும் ரப்பர் பூட்சுமாக மழைக்குள் இறங்கி, காற்று வருகிற திசையைப் பார்த்து கேட் பக்கம் போனார்கள். முன்வாசல் வழியாகத்தான் போக முடிந்தது. பின்வாசலில் வெள்ளை அடிக்கிற ஏணி.

கடைசியாக வெளியே வந்த சிலர் இருமிக்கொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. வெடிப்பு இல்லை. குக்கரில் ஆவி வருகிற மாதிரி, அதைவிட நீளமாக. கம்ப்ரஸர் அறையின் மேல்ஜன்னலில் வெள்ளையாக வந்தது. மழையில் அது மேலே போகாமல் சுவரை ஒட்டிக் கீழே இறங்கியது.

இசக்கிராஜ் அண்ணன் உள்ளே இருந்தார். வெளியே வந்திருக்கலாம், வாசல் அவருக்குப் பத்தடி. பிரதான வால்வை மூடாமல் வந்தால் காஸ் கூடம் வரைக்கும் வரும் என்று உள்ளே போயிருக்கிறார். மூடிவிட்டார். அதற்குப் பிறகு சத்தம் குறைந்தது. தீயணைப்புக்காரர்கள் வந்துதான் அவரைத் தூக்கினார்கள்.

பதினேழு பெண்கள் ஆஸ்பத்திரியில். எல்லோரும் பேசுகிறார்கள். அண்ணன் பேசவில்லை.

14 நவம்பர், வெள்ளி

தணிக்கைக் குழு வரவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

தாமோதரன் சார் வீட்டுக்கு வந்தார். குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, சட்டையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ராபின் டீ போட்டார். சார் ஜாய்ஸிடம் எந்த வகுப்பு என்று கேட்டார்.

அரசாங்கத்திலிருந்து தொழிற்சாலை ஆய்வாளர் செவ்வாய்க்கிழமைக்குள் பதிவுகளைக் கேட்டிருக்கிறார். சாருக்குப் பெட்டிகள் மொத்தமாக அனுப்பிய அளவுகளைப் பற்றித் தெரிந்திருக்கிறது. இடியில் கெட்டுப்போன பெட்டிகள் கண்டபடி அளந்திருக்கலாம், அதைக் கொடுத்துக் குழப்புவானேன், திரையில் எல்லோரும் பார்த்தது எதுவோ அது மட்டும் பதிவில் இருந்தால் போதும் என்றார். சீல் ஒரே நொடியில் போனது, யாருக்கும் முன்கூட்டித் தெரிய வழியில்லை என்று ஆகிவிடும். எழும்பும்போது, இன்னும் மெதுவாக, "அந்த நிரல் உங்க பேர்லதாம்மா இருக்கு. நான் எழுதச் சொன்னதுக்கு எங்கயும் கையெழுத்து இல்ல. உங்களுக்காகத்தான் சொல்றேன்," என்றார்.

நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. சர்வர் அறைச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ராபின் என்ன நிரல் என்று கேட்டார். சொன்னேன். முழுக்கச் சொன்னது அவரிடம்தான் முதலில். அவர் டம்ளர்களைக் கழுவி வைத்தார். கழுவி முடித்துவிட்டு, அந்தப் பெண்களில் யாருக்காவது கைக்குழந்தை இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். நாலு பேருக்கு இருக்கிறது என்றேன்.

17 நவம்பர், திங்கள்

தொழிற்சாலையில் காவலாளியைத் தவிர ஒருவரும் இல்லை. கூடத்தில் உரித்துப் பாதியில் விட்ட இறால் நாறிப்போய்க் கிடக்கிறது.

நீக்கும் கட்டளையை அடித்துப் பார்த்தேன். அதுவும் ஒரு வரிதான். மூன்றாம் தேதியிலிருந்து பதிமூன்றாம் தேதி வரை, பெட்டியிலிருந்து வந்தவை. என்டர் தட்டினால் போதும். நான் போட்ட நாலுகள் மட்டும் நிற்கும். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எழுத முடியாது, கடிகாரத்தைப் பார்க்கவில்லை. காவலாளி வந்து, சாப்பிட்டீங்களாம்மா என்று கேட்டார். சாப்பிடவில்லை என்றேன். தன் டப்பாவில் இருந்த இரண்டு இட்லியை மூடியில் வைத்துக் கொடுத்தார். சாப்பிட்டேன். அந்த வரியை அழித்தேன்.

அச்சிடத் தொடங்கினேன். ஒவ்வொரு நேரத்துக்கும் பெட்டி அளந்தது ஒரு பக்கம், நான் போட்டது எதிர்ப் பக்கம். காகிதம் இரண்டு முறை தீர்ந்தது. கடைசித் தாளில் அந்தப் பன்னிரண்டு வரிகள். கீழே என் பெயரை எழுதினேன். யார் கேட்டு எழுதினேன் என்பதையும் எழுதினேன். அதை மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்று யோசித்து, என் பெயருக்குக் கீழே எழுதினேன்.

18 நவம்பர், செவ்வாய்

காலை ஆய்வாளர் அலுவலகத்தில் கொடுத்தேன். அவர் வாங்கிப் புரட்டினார். இரண்டு பத்திகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இதில் எது உண்மை என்று கேட்டார். காட்டினேன். அப்படியானால் இது என்ன என்றார். நான் போட்டது என்றேன். வக்கீல் வைத்திருக்கிறீர்களா என்றார். இல்லை என்றேன். வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பெற்றுக்கொண்டதாக முத்திரை போட்டுக் கொடுத்தார்.

வாசலில் கனியக்கா நின்றாள். பதினேழு பேர் சார்பாகப் புகார் எழுதிக்கொண்டு வந்திருக்கிறாள். என் கையில் இருந்த தாளைப் பார்த்தாள். நானே சொன்னேன். ஏழாம் தேதி சொன்ன நாலு, பதினொன்றாம் தேதி பஸ்ஸில் சொன்ன நாலு. அவள் கேட்டுக்கொண்டே தன் புகாரைச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். நான் பஸ் நிறுத்தம் வரை திரும்பிப் பார்த்தபடியே நடந்தேன். அவள் வரவில்லை.

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு.

இசக்கிராஜ் அண்ணனுக்குச் செயற்கை மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை நேற்றுத்தான் எடுத்திருக்கிறார்கள். இரண்டு கண்ணிலும் கட்டு. வலது கண்ணில் பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவர் மனைவி முப்பிடாதி கட்டிலருகே உட்கார்ந்து அவர் உதட்டை ஈரத் துணியால் தொட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் தந்தாள். நான்தான் முதலில் ஓடி வந்து எல்லோரையும் வெளியே அனுப்பியவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, நீங்க நல்லாருக்கணும் மேடம் என்றாள். நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

அண்ணனிடம் நான்தான் என்று சொன்னேன். தலையை என் பக்கம் திருப்பினார். குரல் காற்றாகத்தான் வந்தது. சீல் இன்னும் தாங்கும் என்று தான் தப்பாகக் கணித்துவிட்டதாகச் சொன்னார். இருபது வருடத்தில் இப்படி ஏமாந்ததில்லையாம். புதன்கிழமை இடுக்குக்குள் போனபோதே நெஞ்சைப் பிடித்ததாம். சந்தேகப்பட்டிருக்க வேண்டும் என்றார்.

"நாலுன்னு பாத்துட்டுத்தான் போனேன் மேடம்," என்றார். "மூக்கு ஒண்ணு சொல்லுது, மெஷின் ஒண்ணு சொல்லுது. மெஷினை நம்பிட்டேன்."

"அந்த நாலு மெஷின் சொன்னதில்ல அண்ணே," என்றேன். "நான் போட்டது."

கட்டுக்கு அடியில் கண் மூடியிருந்ததா திறந்திருந்ததா தெரியவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். வெறுமையாக இருந்த பக்கம், கீச் கீச் ஒலி, தாமோதரன் சார், பன்னிரண்டு வரி, புதன்கிழமை காலை உண்மையில் ஐம்பத்தொன்று இருந்தது, லேப்டாப்பைக் கொண்டுபோய்ப் பெட்டியில் செருகியிருந்தால் பத்தாம் தேதியே தெரிந்திருக்கும் என்பது வரை. மன்னிப்பு என்ற வார்த்தையை வழியில் வைத்துக்கொண்டே வந்தேன். அங்கே அதை எடுக்க முடியவில்லை.

அண்ணன், "எல்லா நாளுமா?" என்றார்.

"எட்டு நாளும்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்கள். அவர் மூச்சு ஒரு முறை சிக்கியது. நர்ஸைக் கூப்பிட எழுந்தேன். வேண்டாம் என்று கையை அசைத்தார். படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்டது. அவருக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்கிறது. முகத்தைக் கதவுப் பக்கம் திருப்பினார்.

"முப்பிடாதி வாரா," என்றார். "அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

அவள் மருந்துப் பையோடு உள்ளே வந்தாள். எனக்கும் சேர்த்து ஒரு டீ வாங்கி வந்திருந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்தாள், சூடு பார்த்துப் பிடிங்க என்றாள். நான் அதை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு அவளை உட்காரச் சொன்னேன்.